நியூரான்களுக்கு நடுவே இருப்பது என்ன? மூளை நோய்களும் மேட்ரிக்ஸ் புரதங்களும்

நம் மூளையின் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எந்தச் செல்லுக்கும் சொந்தமில்லாத இடம். அது நியூரானும் அல்ல, நியூரானைப் பராமரிக்கும் கிளியா செல்லும் அல்ல. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே உள்ள இடுக்கு. அதன் அகலம் 40 முதல் 60 நானோமீட்டர்தான். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் எல்லா இடுக்குகளையும் கூட்டிப் பார்த்தால் 20 சதவீதம் வந்துவிடுகிறது.

இவ்வளவு பெரிய இடம் எப்படிக் கண்ணில் படாமல் போனது? எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்காக மூளைத் திசுவைப் பதப்படுத்தும்போது செல்கள் உப்பிவிடும், இடுக்குகள் நெருங்கிவிடும். அதனால் தொடக்ககாலப் படங்களில் செல்கள் இண்டு இடுக்கில்லாமல் அடைந்து கிடப்பதாகவே தெரிந்தது. 1980களின் தொடக்கத்தில் சார்ல்ஸ் நிக்கல்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் உயிருள்ள மூளைக்குள் அயனிகளைச் செலுத்தி, அவை எப்படிப் பரவுகின்றன என்று அளக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அந்த அளவீடுகளில்தான் 20 சதவீதம் என்ற கணக்கு நிலைபெற்றது.

சரி, அந்த இடுக்கில் என்ன இருக்கிறது? வெறும் உப்புநீர் அல்ல. செல்கள் தாங்களே சுரந்து வெளியே விட்ட புரதங்களும் நீளமான சர்க்கரைச் சங்கிலிகளும் பின்னிக்கொண்டு கிடக்கும் கூழ் போன்ற பொருளும் அந்த நீரோடு சேர்ந்து இருக்கிறது. எக்ஸ்ட்ராசெல்லுலர் மேட்ரிக்ஸ் என்பது அதன் பெயர். இனி மேட்ரிக்ஸ் என்றே வைத்துக்கொள்வோம். வலிப்பு, அல்சைமர், மனச்சிதைவு, பக்கவாதம் என்று பல மூளை நோய்களில் இதன் பெயர் அடிபடத் தொடங்கியிருக்கிறது. அந்த ஆய்வுகளைத் தொடர்ந்து படிக்கும்போது ஒன்று தெரிகிறது. பல நோய்களில் முதலில் சந்தேகப்பட்டது செல்லைத்தான். தடயம் கிடைத்ததோ செல்லுக்கு வெளியே.

கொலாஜன் இல்லாத கூழ்

உடம்பின் மற்ற இடங்களில் மேட்ரிக்ஸ் என்றாலே கொலாஜன் நார்தான். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றுக்கும் உறுதி தருவது அது. மூளைத் திசுவுக்குள் அந்த நார் கிட்டத்தட்ட இல்லை. மூளை அவ்வளவு கொழகொழவென்று இருப்பதற்கு இதுவும் காரணம். அங்கே முதுகெலும்பு மாதிரி நிற்பது ஹையலுரோனன் என்ற மிக நீளமான சர்க்கரைச் சங்கிலி. இது புரதம் அல்ல. இதன்மேல் அக்ரிகான், பிரெவிகான், நியூரோகான், வெர்சிகான் என்ற புரதங்கள் வரிசையாக வந்து ஒட்டிக்கொள்கின்றன. இந்தப் புரதங்களிலிருந்து காண்ட்ராய்டின் சல்ஃபேட் எனும் சர்க்கரை இழைகள் கிளைத்து நிற்கும். புரதம் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ள இணைப்புப் புரதங்கள் தனியாக உண்டு. டெனாசின்-ஆர் என்ற இன்னொரு புரதம் குறுக்கே போய் எல்லாவற்றையும் கோத்துக் கட்டுகிறது.

இந்தச் சரக்கு மூளை முழுக்கத் தளர்வாகப் பரவியிருக்கிறது. ஆனால் சில நியூரான்களைச் சுற்றி மட்டும் அடர்ந்து, இறுகி, கண்ணி கண்ணியாக வலை போலப் படிந்துவிடுகிறது. விஸ்டீரியா என்ற கொடியின் விதையிலிருந்து எடுக்கும் ஒரு புரதத்தைச் சாயத்தோடு சேர்த்து மூளைச் சீவலின்மேல் ஊற்றினால் அந்த வலை பளிச்சென்று தெரியும். செல்லின் உடலையும் அதிலிருந்து கிளம்பும் கிளைகளின் அடிப்பகுதியையும் அது போர்த்தியிருக்கும். கண்ணிகளுக்கு நடுவே ஓட்டைகள் இருக்கும். அந்த ஓட்டைகளில்தான் மற்ற நியூரான்களின் நுனிகள் வந்து சினாப்ஸ், அதாவது செய்தி கடத்தும் சந்திப்பு, போட்டிருக்கும்.

இதை முதலில் விவரித்தவர் கமிலோ கோல்ஜி, 1890களில். அவருடைய பெரும் போட்டியாளரான சான்டியாகோ ரமோன் இ கஹால் இதை நம்பவில்லை. திசுவைப் பதப்படுத்தும்போது உறைந்துபோன கழிவு என்று ஒதுக்கிவிட்டார். 1906இல் இருவருக்கும் நோபல் பரிசு சேர்த்தே கொடுக்கப்பட்டது, அப்போதும் ஒத்துப்போகவில்லை. நியூரான்கள் தனித்தனிச் செல்கள் என்ற பெரிய வழக்கில் கஹால் சொன்னதே சரி, கோல்ஜி தோற்றார். தோற்றவர் கண்டெடுத்த வலையும் அவரோடு சேர்ந்து பல பத்தாண்டுகள் மறக்கப்பட்டது. அறிவியலில் இப்படி ஒருவர் தோற்றால் அவர் சொன்னது எல்லாமே தோற்றுப்போவது அடிக்கடி நடக்கிறது.

வலை எதற்கு?

குறிப்பாகப் பார்வால்புமின் என்ற புரதத்தைக் கொண்ட நியூரான்களைச் சுற்றியே இந்த வலை அதிகம். இவை மற்ற நியூரான்களை அடக்கிவைக்கும் வகை. ஒரு நொடிக்கு நூறு தடவைக்கு மேல்கூடச் சுடக்கூடியவை, அதாவது மின்துடிப்பு அனுப்பக்கூடியவை. இவை ஓய்ந்தால் சுற்றியிருக்கும் சுற்றுப்பாதையே கட்டுமீறிவிடும்.

வலை எப்போது உருவாகிறது என்பதில்தான் முதல் பெரிய துப்பு கிடைத்தது. பிறந்த குட்டிகளிடம் வலை இருக்காது. மூளையின் அந்தந்தப் பகுதி பழகி முடிக்கும் சமயத்தில்தான் அது முற்றுகிறது. சிறுவயதில் ஒரு கண்ணை மூடிவைத்தால் மூளையின் பார்வைப் பகுதி அந்தக் கண்ணைக் கைவிட்டுவிடும், வளர்ந்த பிறகு மூடினால் அப்படி ஆகாது என்பதை ஹ்யூபலும் வீஸலும் காட்டினார்கள். 1981இல் அவர்களுக்குக் கிடைத்த நோபல் பரிசில் இந்த வேலைக்கும் பங்குண்டு. அந்தப் பருவம் ஏன் முடிகிறது? 2002இல் இத்தாலியில் பிட்சோருசோவும் மாஃபெயும் அவர்களது குழுவினரும் வளர்ந்த எலிகளின் பார்வைப் பகுதிக்குள் காண்ட்ராய்டினேஸ் ஏபிசி என்ற என்சைமைச் செலுத்தினார்கள். புரோட்டியஸ் வல்காரிஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் என்சைம் அது. வலையின் சர்க்கரை இழைகளைக் கத்தரித்துவிடும். வலை கலைந்ததும் வளர்ந்த எலியின் மூளை குட்டியின் மூளையைப் போல மறுபடி மாறத் தொடங்கியது. நியூரானை அவர்கள் தொடவே இல்லை.

ஆக, வலையின் வேலைகளில் ஒன்று பூட்டுவது. 2009இல் வந்த இன்னொரு ஆய்வு இதை நினைவுக்கும் நீட்டியது. எலிக்குட்டிகளுக்கு ஒரு சத்தத்தைக் கேட்டால் பயப்படும்படி பழக்கிவிட்டு, பிறகு அந்தப் பயத்தைப் பழக்கத்தின் மூலமே போக்கினால், பயம் அழிந்தே போகிறது. வளர்ந்த எலிகளில் அப்படி இல்லை. போனதாகத் தெரியும் பயம் திரும்பி வரும். பயத்துக்கான அமிக்டலா பகுதியில் வலை உருவாகும் காலமும் இந்த மாற்றம் வரும் காலமும் ஒத்துப்போயின. வளர்ந்த எலியின் அமிக்டலாவில் வலையைக் கலைத்துவிட்டுப் பயத்தைப் பழக்கினால், அந்தப் பயத்தைக் குட்டிகளில் போலவே அழிக்க முடிந்தது. ஆனால் பயம் பதிந்த பிறகு கலைத்தால் பலன் இல்லை. இந்த வரிசைதான் முக்கியம். மேட்ரிக்ஸைப் பற்றிய எல்லா வைத்திய யோசனைகளும் கடைசியில் இந்த முன்பா பின்பா என்ற இடத்தில் வந்து முட்டிக்கொள்கின்றன.

ரோஜர் சியென் 2013இல் இன்னும் ஒரு படி மேலே போனார். பச்சை ஒளிரும் புரதத்துக்காக 2008இல் நோபல் பெற்றவர். வருடக்கணக்கில் நிற்கும் நினைவுகள் இந்த வலையின் ஓட்டைகளின் அமைப்பிலேயே பதிந்திருக்கலாம் என்றார். செல்லுக்குள் இருக்கும் பெரும்பாலான புரதங்கள் சில நாட்களிலோ வாரங்களிலோ அழிந்து புதிதாகின்றன, மேட்ரிக்ஸ் புரதங்களோ நீண்ட காலம் நிலைக்கின்றன என்பது அவர் வாதம். அழகான யோசனைதான், ஆனால் நிரூபணமாகவில்லை. வலை இல்லாத நியூரான்களிலும் நினைவு தங்குகிறதே என்ற கேள்விக்கு அதில் முழுப் பதில் இல்லை.

வலிப்பு: இரண்டு வழக்குகள்

கிளையோமா எனும் மூளைக்கட்டி உள்ளவர்களுக்கு வலிப்பு வருவது சகஜம். கட்டி அழுத்துவதால், அல்லது நியூரான்களைத் தூண்டும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளைக் கட்டி வெளியிடுவதால் என்று விளக்கம் சொல்வார்கள். குளூட்டமேட்டுக்கு உண்மையிலேயே பங்கு உண்டு. ஆனால் 2018இல் ஹரால்ட் சான்டைமரின் குழு கட்டியைச் சுற்றியிருந்த வலைகளைப் பார்த்தது. கட்டிச் செல்கள் பரவுவதற்கு வழி செய்துகொள்ள, மேட்ரிக்ஸை அரித்துத் தின்னும் என்சைம்களை வெளியிடுகின்றன. அந்த அரிப்பில் அக்கம்பக்கத்து நியூரான்களின் வலைகளும் போய்விடுகின்றன.

வலை போனால் என்ன? அந்தக் குழு கண்டது இதுதான்: செல்லின் சவ்வு மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் அளவை வலை குறைத்து வைத்திருக்கிறது. மின்கம்பியின்மேல் போட்ட உறை மாதிரி. தேக்கம் குறைவாக இருந்தால் செல் சட்டென்று மின்னூட்டம் ஏறி வேகமாகச் சுடலாம். உறை உரிந்ததும் தேக்கம் கூடி, அடக்கும் நியூரான்கள் மந்தமாகிவிடுகின்றன. அடக்க ஆளில்லாமல் மற்றவை கொதிக்கின்றன. வலிப்பு வருகிறது. கட்டியைச் சுற்றி அடக்கும் நியூரான்களின் எண்ணிக்கையே குறைந்திருந்தது என்பதும் உண்மை. ஆனால் மிஞ்சியவை மந்தமானதற்குக் காரணம் செல்லின் போர்வை கிழிந்ததுதான்.

இரண்டாவது வழக்கு எல்ஜிஐ1 என்ற புரதம். கட்டாயம் சொல்ல வேண்டிய கதை இது, ஏனென்றால் இதில் உண்மையான நோயாளிகளின் சிகிச்சையே மாறியது. பரம்பரையாக வரும் வலிப்பு நோய்களில் பல, செல்சவ்வில் உள்ள அயனி வாயில்களின் மரபணுக் கோளாறுகள். அதனால் மருத்துவர்கள் எப்போதும் முதலில் வாயிலைத்தான் தேடுவார்கள். ஆனால் காதில் ஏதோ ஒலி கேட்பதோடு தொடங்கும் ஒரு பரம்பரை வலிப்பில் 2002இல் பிடிபட்ட மரபணு எல்ஜிஐ1. அது வாயிலே அல்ல. நியூரான் சுரந்து வெளியே விடும் புரதம். சினாப்ஸின் இந்தக் கரையில் ஒரு புரதத்தையும் அந்தக் கரையில் இன்னொரு புரதத்தையும் பிடித்துக்கொண்டு, இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்துவது அதன் வேலை. மேட்ரிக்ஸ் என்ற சொல்லைக் கறாராக எடுத்துக்கொள்பவர்கள் இதைச் சேர்க்கத் தயங்கலாம். வேலை என்னவோ அதே இடுக்கில்தான் நடக்கிறது.

அப்புறம் 2010. அதற்கு முன் பல ஆண்டுகளாக, வயதானவர்களுக்குத் திடீரென்று மறதி, குழப்பம், வலிப்பு வரும் ஒருவகை மூளை அழற்சிக்குப் பொட்டாசியம் வாயில்களைத் தாக்கும் ஆன்டிபாடிகளே காரணம் என்று சொல்லி வந்தார்கள். பரிசோதனையிலும் அப்படித்தான் வந்தது. ஆனால் அந்தப் பரிசோதனைக்காக மூளைத் திசுவிலிருந்து வாயிலைப் பிரித்தெடுக்கும்போது, அதோடு ஒட்டியிருந்த மற்ற புரதங்களும் சேர்ந்து வந்துவிட்டன. கிளறிப் பார்த்தபோது, பெரும்பாலான நோயாளிகளின் ஆன்டிபாடி தாக்கியது வாயிலை அல்ல, எல்ஜிஐ1ஐ. இந்த நோயாளிகள் சிலருக்கு ஒரு பக்க முகமும் அதே பக்கக் கையும் ஓரிரு நொடி சுண்டி இழுக்கும், நாளொன்றுக்குப் பல தடவை. ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கும். இந்தச் சுண்டலுக்கு வலிப்பு மாத்திரைகள் பெரும்பாலும் கேட்பதில்லை. ஸ்டீராய்டு போன்ற நோயெதிர்ப்புச் சிகிச்சை கேட்கிறது. வயதாகிவிட்டது, மறதி வந்துவிட்டது என்று விட்டுவிடக்கூடியவர்களில் சிலர் உண்மையில் குணப்படுத்தக்கூடிய நோயாளிகள்.

மனச்சிதைவில் படம் இவ்வளவு தெளிவாக இல்லை. இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்ததில் அமிக்டலாவிலும் முன்மூளைப் புறணியிலும் வலைகள் குறைந்திருப்பதை சபினா பெரெட்டாவின் குழு உட்படச் சிலர் கண்டிருக்கிறார்கள். முன்மூளையில் வலை முற்றுவது பதின்பருவத்தின் கடைசியில்; நோய் தலைகாட்டுவதும் ஏறக்குறைய அதே வயதில். பார்வால்புமின் நியூரான்களை ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து வலை காக்கிறது என்பதற்கும் விலங்குகளில் சான்று உண்டு. எல்லாம் ஒரே திசையைக் காட்டுவது போலத்தான் தோன்றும். ஆனால் இறந்த மூளையில் பார்ப்பது நோயின் முடிவை, தொடக்கத்தை அல்ல. பல வருட நோயும் மருந்துகளும் அதில் கலந்திருக்கின்றன. வலை குறைந்ததால் நோயா, நோயால் வலை குறைந்ததா என்று இந்தச் சான்றுகளை வைத்துச் சொல்ல முடியாது.

கொலம்பியாவில் இரண்டு பேர்

அல்சைமர் என்றதும் அமிலாய்டு, டாவ் என்ற இரண்டு பெயர்கள் வரும். செல்லுக்கு வெளியே படியும் திட்டு அமிலாய்டு. நியூரானுக்குள் முறுக்கிக்கொள்ளும் இழை டாவ். அமிலாய்டுத் திட்டுகளுக்குள் ஹெபரான் சல்ஃபேட் என்ற மேட்ரிக்ஸ் சர்க்கரையைத் தாங்கிய புரதங்கள் புதைந்திருப்பது 1980களிலேயே தெரியும். அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2013இல் டாவ் ஒரு நியூரானிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும்போது, அது உள்ளே நுழையப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி இதே ஹெபரான் சல்ஃபேட்தான் என்று தெரிந்தபோது நிலைமை மாறியது.

இந்த இடத்தில் கொலம்பியாவின் ஆன்டியோகியா பகுதி வருகிறது. அங்கே சுமார் 6,000 பேர் கொண்ட ஒரு பெருங்குடும்பத்தை நரம்பியல் மருத்துவர் ஃபிரான்சிஸ்கோ லோபெரா பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். அவர்களில் பலருக்குப் பிரெசெனிலின்-1 மரபணுவில் ஒரே மாற்றம். அதைச் சுமப்பவர்களுக்குச் சராசரியாக 44 வயதிலேயே மறதி தொடங்கிவிடும், 50க்குள் முழு நோய். விதிவிலக்கு கிடையாது என்றுதான் நினைத்தார்கள்.

2019இல் ஒரு பெண்மணியைப் பற்றி அறிக்கை வந்தது. மாற்றம் அவரிடம் இருந்தது. ஆனால் எழுபது வயதைத் தாண்டும் வரை மறதி தொடங்கவில்லை. ஸ்கேனில் மூளை முழுக்க அமிலாய்டு, மற்றவர்களைவிட அதிகமாகவே. டாவ் மட்டும் குறைவு. அவரிடம் அபோஇ என்ற புரதத்தில் கிரைஸ்ட்சர்ச் எனப்படும் அபூர்வ மாற்றம் இருந்தது, தாய்வழியும் தந்தைவழியும் வந்த இரண்டு பிரதிகளிலும். 2023இல் இன்னொருவர். அதே பெருங்குடும்பத்தைச் சேர்ந்த ஓர் ஆண். 67 வயது வரை தெளிவாக இருந்தார். அவருக்கும் அமிலாய்டு நிறைய. நினைவுக்கு வாசலாக இருக்கும் என்டோரைனல் பகுதியில் டாவ் மிகக் குறைவு. அவரிடம் கிரைஸ்ட்சர்ச் மாற்றம் இல்லை. ரீலின் என்ற மேட்ரிக்ஸ் புரதத்தில் ஒரு மாற்றம் இருந்தது.

இந்த இரண்டு மாற்றங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சுவாரசியம். ஹெபரான் சல்ஃபேட் என்பது எதிர்மின்னூட்டம் நிறைந்த சர்க்கரை. நேர்மின்னூட்டம் உள்ள எதையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கிரைஸ்ட்சர்ச் மாற்றத்தில், அபோஇயில் அந்தச் சர்க்கரையைப் பிடிக்கும் இடத்தில் இருக்கும் ஆர்ஜினின் என்ற நேர்மின் அமினோ அமிலம் போய், மின்னூட்டமில்லாத செரின் வருகிறது. பிடி தளர்கிறது. ரீலின் புரதத்தில் மொத்தம் 3,460 அமினோ அமிலங்கள். அந்த ஆணுக்கு மாறியிருந்தது 3,447ஆவது, அதாவது வாலின் கடைசி நுனி. அங்கே ஹிஸ்டிடின் போய் ஆர்ஜினின் வந்திருக்கிறது. பிடி இறுகுகிறது.

ஒருவருக்கு ஒட்டுதல் குறைந்தது, இன்னொருவருக்குக் கூடியது, இரண்டுமே காப்பாற்றின. முரணாகத் தெரிகிறதா? முரண் இல்லை, ஏனென்றால் ஒட்டுவது வேறு வேறு ஆட்கள். அபோஇயும் ரீலினும் நியூரானின் மேற்பரப்பில் ஒரே ஏற்பிகளுக்காகப் போட்டியிடுபவை. ரீலின் அந்த ஏற்பியில் உட்கார்ந்தால், டாவ் மீது பாஸ்பேட் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் சமிக்ஞை உள்ளே போகிறது. ரீலினுக்கு ஒட்டுதல் கூடினால் அந்தச் சமிக்ஞை பலமாகிறது. அவருடைய மாற்றம் செய்ததும் அதுதான் என்று எலிகளிலும் செல்களிலும் செய்த சோதனைகள் காட்டின. அபோஇ ஒட்டாமல் போனால் என்ன நடக்கிறது என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் உண்டு. டாவ் நுழைவது குறைகிறது என்பது அவற்றில் முக்கியமானது. ஒன்றிரண்டு பேரை வைத்து ஒரு நோயையே விளக்கிவிட முடியாதுதான். ஆனால் மரபணு நூறு சதவீதம் தீர்ப்பெழுதிய குடும்பத்தில், அமிலாய்டு குவிந்து கிடக்கும்போதே, இரண்டு பேர் இருபது முப்பது வருடம் தப்பியிருக்கிறார்கள். இரண்டு தடயங்களும் செல்லுக்கு வெளியே இருக்கும் ஒரே சர்க்கரைக்குக் கொண்டுபோய்விடுகின்றன. அமிலாய்டைத் துடைத்தெடுக்கும் மருந்துகளுக்குக் கொட்டிய கவனத்தில் கொஞ்சமாவது இந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது என் எண்ணம். கிரைஸ்ட்சர்ச் மாற்றத்தைப் போலவே அபோஇயின் பிடியைத் தளர்த்தும் ஆன்டிபாடிகளை எலிகளில் சோதிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

ரீலினுக்கு இதற்கு முன்பே நீண்ட வரலாறு உண்டு. 1951இல் எடின்பரோவில் தள்ளாடி நடக்கும் எலிவகை ஒன்றை ஃபால்கனர் விவரித்தார். அவற்றின் மூளைப் புறணியில் அடுக்குகள் ஏறுமாறாக இருந்தன. கரு மூளையின் மேற்பரப்பில் இருக்கும் செல்கள் ரீலினைச் சுரந்துதான் புது நியூரான்களை உரிய அடுக்கில் நிறுத்துகின்றன என்பது 1995இல் மரபணு கிடைத்த பிறகு புரிந்தது. மனிதர்களில் இரண்டு பிரதிகளும் கெட்டால் மூளையின் மடிப்புகள் உருவாகாமல் வழுவழுப்பாகி, சிறுமூளையும் சிறுத்துப்போகும். கருவில் வழிகாட்டும் அதே புரதம் முதுமையில் டாவை அடக்கிவைக்கிறது. இப்படி ஒரே புரதம் வயதுக்கேற்ப வேலை மாறுவது மேட்ரிக்ஸில் சாதாரணம்.

ரத்தநாளத்தின் அடிவிரிப்பு

மூளைக்குள் கொலாஜன் நார் இல்லை என்றேன். ஆனால் ரத்தநாளங்களைச் சுற்றி மெல்லிய அடிச்சவ்வு உண்டு. அதில் நான்காம் வகைக் கொலாஜனும் லாமினினும் இருக்கின்றன. கொலாஜன் மூன்று புரிகள் முறுக்கிய கயிறு. முறுக்கு இறுகி அமைய ஒவ்வொரு புரியிலும் மூன்றாவது இடத்தில் எல்லாம் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் வந்தாக வேண்டும். சிஓஎல்4ஏ1 மரபணுவில் ஒரே ஒரு கிளைசின் மாறினாலும் கயிறு சரியாக முறுக்கிக்கொள்ளாது. அப்படிப்பட்டவர்களுக்குக் குழந்தைப் பருவத்திலேயே மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டுக் குழி விழலாம், நடுவயதில் பக்கவாதம் வரலாம். இதே மரபணுவில் மாற்றம் கொண்ட எலிக்குட்டிகளுக்குப் பிறக்கும்போதே மூளையில் ரத்தம் கசிந்தது. சிசேரியன் மூலம் எடுத்த குட்டிகளில் அந்தக் கசிவு பெருமளவு தவிர்க்கப்பட்டது. 2006இல் வந்த இந்த முடிவு எனக்கு இன்றும் வியப்பு. மரபணு மாறவில்லை, பிறந்த விதம் மாறியது, மூளை தப்பியது.

சாதாரணப் பக்கவாதத்திலும் இந்த அடிச்சவ்வுக்குப் பங்குண்டு. ரத்தம் தடைபட்ட சில மணி நேரத்தில் எம்எம்பி-9 என்ற என்சைம் பெருகி அடிச்சவ்வைத் தின்னத் தொடங்கும். அந்த நிலையில் அடைப்பு நீங்கி ரத்தம் பாய்ந்தால், நாளம் கசிந்து மூளைக்குள் ரத்தம் கொட்டலாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை இத்தனை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று மருத்துவர்கள் பதறுவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படியானால் எம்எம்பி-9ஐத் தடுத்துவிட்டால் போதுமே? எலிகளில் தொடக்கத்திலேயே தடுத்தால் பலன் கிடைக்கிறது. ஒரு வாரம் கழித்துத் தடுத்தால் சேதம் கூடுகிறது. ஏனென்றால் அந்தச் சமயத்தில் அதே என்சைம், புது ரத்தநாளங்கள் வளர இடம் ஒதுக்கிக்கொண்டிருக்கிறது.

தண்டுவடம் சொல்லும் பாடம்

காயம்பட்ட தண்டுவடத்தில் நரம்பிழைகள் ஏன் திரும்ப வளருவதில்லை என்ற கேள்வியில் மேட்ரிக்ஸ் வெகுகாலமாகக் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. காயத்தைச் சுற்றி ஆஸ்ட்ரோசைட் எனும் கிளியா செல்கள் தழும்பு கட்டுகின்றன. தழும்பில் காண்ட்ராய்டின் சல்ஃபேட் குவிகிறது. வளரும் இழை அதில் முட்டி நின்றுவிடுகிறது. 2002இல், எலியின் தண்டுவடத்தில் அதே காண்ட்ராய்டினேஸ் என்சைமைச் செலுத்தியபோது இழைகள் வளர்ந்து, நடை ஓரளவு திரும்பியது. பெரும் பரபரப்பு ஏற்பட்டது.

2009இல் தழும்புச் சர்க்கரை பிடித்துக்கொள்ளும் ஏற்பி ஒன்று, பிடிபி சிக்மா என்பது, கண்டுபிடிக்கப்பட்டது. 2011இல் வந்த அடுத்த தகவல் இன்னும் விசித்திரம். அதே ஏற்பியில் ஹெபரான் சல்ஃபேட்டும் உட்காரும். ஹெபரான் உட்கார்ந்தால் ஏற்பிகள் கொத்தாகச் சேர்ந்து, இழை வளர்கிறது. காண்ட்ராய்டின் உட்கார்ந்தால் கொத்து கலைந்து, இழை நிற்கிறது. ஒரே பூட்டில் ஒரு சாவி திறக்கிறது, மற்றது மூடுகிறது. இந்த ஏற்பியை மடக்கும் பெப்டைடு எனும் சிறு புரதத் துண்டு மனிதச் சோதனை வரை வந்திருக்கிறது.

ஆனால் 2016இல் மைக்கேல் சோஃப்ரோனியூவின் குழு, ஆஸ்ட்ரோசைட் தழும்பையே உருவாகவிடாமல் தடுத்த எலிகளில் இழைகள் வளரவில்லை என்று காட்டியது. தழும்பு இருந்தபோதுதான், ஊட்டக் காரணிகளும் கொடுத்தால், வளர்ந்தன. தழும்பு காயத்தை வேலி போட்டு அழற்சி பரவாமல் நிறுத்துகிறது, அதோடு தழும்பில் இழைக்கு உதவும் மேட்ரிக்ஸ் புரதங்களும் கலந்திருக்கின்றன. இந்த முடிவை எல்லோரும் அப்படியே ஏற்கவில்லை. தழும்பு முழுவதையும் அகற்றுவதும் அதிலிருக்கும் ஒரு சர்க்கரையை வெட்டுவதும் ஒன்றல்ல என்று பழைய அணி பதில் சொல்கிறது. அதுவும் நியாயமான பதில்தான்.

இதில் கருவிகளின் குறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மூளை நோய்களைத் துழாவ இன்று அதிகம் பயன்படுவது ஆர்.என்.ஏ.வை எண்ணும் முறைகள். ஒரு செல் இப்போது எந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதை அவை காட்டும். எப்போதோ செய்து வெளியே விட்டு, வருடக்கணக்கில் படிந்து கிடக்கும் புரதத்தை அவை காட்டாது. 2022இல் வெளியான பெரிய அல்சைமர் ஆய்வு ஒன்று மூளைத் திசுவின் புரதங்களையே நேரடியாக அளந்தது. நோயோடு மிக நெருங்கித் தொடர்புடைய புரதத் தொகுப்புகளில் ஒன்று மேட்ரிக்ஸ் சார்ந்தது. அபோஇ மரபணுவோடும் அது பிணைந்திருந்தது. ஆர்.என்.ஏ. தரவில் அந்தத் தொகுப்பு தெரியவே இல்லை. அதில் உள்ள எஸ்எம்ஓசி1 என்ற புரதம், பரம்பரை அல்சைமர் உள்ளவர்களின் தண்டுவட நீரில் அறிகுறி தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே உயர்கிறது என்று அடுத்து வந்த ஆய்வுகள் சொல்கின்றன.

சிகிச்சைப் பக்கம் பார்த்தால், காண்ட்ராய்டினேஸுக்கு மிகச் சாதாரணமான ஒரு தொல்லை இருக்கிறது. உடல் சூட்டில் சில நாட்களில் செயலிழந்துவிடும். திரும்பத் திரும்ப ஊசி போட முடியாது என்பதால், நிலையாக இருக்கும்படி மாற்றிய என்சைம், நுண்குழாய்களில் வைத்து மெல்ல வெளியிடுவது, மரபணுவாகவே செல்லுக்குள் அனுப்பி ஒரு ஆன்டிபயாடிக் மூலம் இயக்கி நிறுத்துவது என்று வழி தேடுகிறார்கள். தண்டுவடம் அடிபட்டு நடக்க முடியாமல் போன வளர்ப்பு நாய்களில் நடந்த சோதனை 2018இல் வெளிவந்தது. நுண்குழாயில் வைத்துச் செலுத்தப்பட்ட என்சைம் பெற்ற நாய்களின் நடை, பெறாதவற்றைவிடக் கொஞ்சம் மேம்பட்டது. பெரும்பாலானவை சுயமாக நடக்கவில்லை. அதே 2018இல் ஜப்பானில் இதே என்சைமுக்கு மனிதர்களில் பயன்படுத்த அனுமதியும் கிடைத்தது, ஆனால் முதுகெலும்பின் பிதுங்கிய வட்டுக்குள் போடுவதற்கு. நரம்பை அழுத்தும் வட்டு என்சைம் பட்டதும் சுருங்குகிறது. மூளைக்கோ தண்டுவடத்துக்கோ இதுவரை எந்த நாட்டிலும் அது அனுமதிக்கப்பட்ட சிகிச்சை இல்லை.